இதழியல், வானொலி, தொலைக்காட்சிப் படிப்புக்கு நூலகத்தில் எங்கே, எப்படித் தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தின் குறிப்புதவி மேசையில் இருக்கிறேன். இதழியல், காட்சித் தொடர்பியல் மாணவர்கள் ஆய்வேடு எழுதும் பருவம் வந்துவிட்டால் திரும்பத் திரும்பச் சில கேள்விகள் வரும். அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்ப் பத்திரிகை வரலாற்றை ஆராய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆங்கிலப் பத்திரிகைக்கு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன, தமிழுக்குத்தான் குறைவு.

இதழியல் புத்தகங்கள் எந்த அடுக்கில் இருக்கும்?

ஒரே அடுக்கில் இருக்காது. 070 என்ற எண்ணுக்குப் போய், அங்கே இருக்கும் இருபது முப்பது புத்தகங்களைப் புரட்டிவிட்டு "நம்ம நூலகத்தில் ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் ஊடகப் படிப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இதழியலும் பத்திரிகை நடத்துவதும் 070. இந்தியப் பத்திரிகை வரலாறு 079.54. ஊடகத்துக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பேசும் நூல்கள் 302.23, அதாவது சமூகவியல் பக்கம். வானொலி, தொலைக்காட்சியைத் தொழிலாகப் பார்ப்பவை 384.54, 384.55. அதே வானொலியின் நிகழ்ச்சிகளைக் கலையாகப் பார்ப்பவை 791.44, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் 791.45, சினிமா 791.43. விளம்பரமும் மக்கள் தொடர்பும் 659. ஊடகச் சட்டம் 343.099, சட்டப் புத்தகங்களோடு இருக்கும். ஒளிப்படம் 770.

ஆக, வானொலி நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர் மூன்று அடுக்குகளுக்காவது நடக்க வேண்டும். பத்திரிகையாளர்களின் தன்வரலாறுகளை மறந்துவிடாதீர்கள். சில நூலகங்கள் அவற்றை 070.92-இல் வைக்கும், சில நூலகங்கள் பொதுவான வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில் வைக்கும். ஒரு செய்தியறை எப்படி நடந்தது, அச்சுக்கோப்பவருக்கும் துணையாசிரியருக்கும் இடையில் என்ன உறவு இருந்தது என்பதெல்லாம் பாடநூலில் கிடைக்காது, அங்கேதான் கிடைக்கும். எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். அங்கே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

கேட்லாக்கில் தேடினால் ஏன் ஒன்றிரண்டுதான் வருகிறது?

பெரும்பாலும் சொல் சிக்கல். 'பத்திரிகை' என்று ஒருவர் உள்ளிட்டிருப்பார், 'பத்திரிக்கை' என்று இன்னொருவர். இதழியல், ஊடகவியல், தொடர்பியல், செய்தித்தாள், மக்கள் தொடர்புச் சாதனம், வெகுஜன ஊடகம், வெகுசன ஊடகம் என்று ஒரே பொருளுக்கு ஏழெட்டுச் சொற்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 'ஒலிபரப்பு' வானொலிக்கு, 'ஒளிபரப்பு' தொலைக்காட்சிக்கு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், பட்டியலில் இரண்டும் மாறி மாறி விழுந்திருக்கும். இரண்டையும் தேடுங்கள்.

அடுத்த சிக்கல் வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல். சிகாகோ பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் நூலகம், அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றில் தமிழ் இதழ்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே தமிழ்ப் பெயரை நாம் உச்சரிக்கும்படி ரோமன் எழுத்தில் எழுத மாட்டார்கள், தமிழ் எழுத்துக்கு எழுத்து மாற்றுவார்கள். சகரம் எங்கே வந்தாலும் அவர்களுக்கு 'சி' எழுத்துதான், 'எஸ்' அல்ல. அதனால் 'சுதேசமித்திரன்' எஸ் வரிசையில் இருக்காது. 'காந்தி' என்று தொடங்கும் தலைப்பு 'கே' வரிசையில் இருக்கும். 'தினமணி'யை ஆங்கிலத்தில் 'டெல்லி'யின் முதல் எழுத்தான D-யில் தேடாமல் 'டைம்ஸ்' என்பதன் முதல் எழுத்தான T-யில் தேடுங்கள். இது தெரியாமல் "அமெரிக்காவிலும் இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்த இதழை இல்லை என்று எழுதிவிட்டால் அடுத்து வருகிறவரும் அதை நம்பிவிடுவார்.

ஒரு பழைய செய்தியைத் தேட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

தேதியிலிருந்து. தமிழ் நாளிதழ்களின் பழைய தொகுதிகளுக்குப் பொருளடைவு கிடையாது. 'பஞ்சம்' என்றோ 'மில் வேலைநிறுத்தம்' என்றோ கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. '1948 பிப்ரவரி முதல் வாரம்' என்று கேட்டால் கட்டு மேசைக்கு வந்துவிடும். முதலில் வேறு எதையாவது வைத்துத் தேதியைப் பிடியுங்கள்: ஆங்கில நாளிதழின் தேடக்கூடிய பதிப்பு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, அரசிதழ், யாராவது ஒருவரின் வாழ்க்கை வரலாறு.

தேதி கிடைத்த பிறகும் மூன்றில் கவனம் வேண்டும். காந்தியடிகள் சுடப்பட்டது 1948 ஜனவரி 30 மாலை ஐந்து மணிக்குப் பிறகு. காலைப் பத்திரிகையில் அது 31-ஆம் தேதிதான் வரும். 30-ஆம் தேதி இதழை எடுத்துவிட்டுக் 'கிழித்துவிட்டார்கள்' என்று நினைக்கக் கூடாது. வார இதழ்களில் அட்டையில் இருக்கும் தேதி பெரும்பாலும் கடைக்கு வந்த தேதிக்குச் சில நாள் பிந்தியதாக இருக்கும். மூன்றாவது, பதிப்பு. 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி போன்ற நாளிதழ்களுக்குப் பல ஊர்ப் பதிப்புகள் உண்டு. திருநெல்வேலிப் பதிப்பின் உள்பக்கச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நூலகத்தில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கட்டின் முதல் தாளிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன?

முழுத் தொகுதி ஓரிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓர் இதழுக்கு மூன்று நூலகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம். 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு படி இங்கு வந்து சேர வேண்டும். 1956-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி நாளிதழ்களையும் சேர்த்தார்கள். கொல்கத்தாவின் தேசிய நூலகம், மும்பை, டெல்லி, சென்னை என்று நான்கு இடங்களுக்கு இந்த உரிமை உண்டு. சட்டம் இருந்தும் எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்பியதில்லை. கன்னிமாராவில் இல்லாதது கொல்கத்தாவில் இருக்கலாம்.

இரண்டாவது, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை ஊரைவிட்டு எடுத்துப் போகாமல், 1994-இல் சென்னையிலேயே நூலகமாக நிறுவ உதவியது. சின்னச் சின்ன இதழ்களுக்கு, நாலைந்து இதழோடு நின்றுபோனவற்றுக்கு, முதலில் நான் கைகாட்டும் இடம் இதுதான். நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று வேறெங்கும் யாரும் சேர்த்து வைக்காதவையும் இங்கே உண்டு. விளம்பர வரலாறு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய சுரங்கம்.

கட்சி, இயக்கப் பத்திரிகைகள் வேண்டுமென்றால் அந்தந்த இயக்கத்தின் நூலகத்தையே நாடுங்கள். 1925-இல் பெரியார் தொடங்கிய 'குடி அரசு', பிறகு வந்த 'விடுதலை' பற்றி ஆராய்கிறவர் சென்னைப் பெரியார் திடலுக்குப் போகாமல் எழுதவே கூடாது. சிற்றிதழ்களுக்குப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகம். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இன்றைய பாடநூல்களுக்கு நல்லவை. பழைய இதழ்களுக்கு அவை முதல் இடமல்ல.

நான் தேடும் இதழ் எங்குமே இல்லை. என்ன செய்வது?

காலனிய காலத்து இதழ் என்றால் இன்னும் ஒரு கதவு இருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் சுதேசப் பத்திரிகைகள் பற்றிய அறிக்கைகளைக் கேளுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது இதழ்களில் வந்ததைச் சென்னை மாகாண அரசு 1870-கள் முதல் பல பத்தாண்டுகள் ரகசியமாக ஆங்கிலத்தில் சுருக்கி, மொழிபெயர்த்து, அச்சிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பிவந்தது. ஒரு பிரதிகூட மிஞ்சாத பத்திரிகையின் வரிகள் அந்த அறிக்கையில் உயிரோடு இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அரசுக்கு எது கவலை தந்ததோ அதைத்தான் மொழிபெயர்த்தார்கள். சமையல் குறிப்பும் சிறுகதையும் புத்தக விளம்பரமும் அதில் வராது. அதை மட்டும் படித்துவிட்டு 'இந்த இதழ் முழுக்க அரசியலே எழுதியது' என்று முடிவு கட்டினால் தவறு. அரசின் கோப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். பாரதி பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தொடங்கியது. 1908-இல் அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார், இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனது. பதிவுப் பெயர் ஒருவருடையது, எழுதியவர் வேறொருவர். வழக்குக் கோப்பைப் படித்தால்தான் இந்த ஏற்பாடு புரியும்.

1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் இதழில் இருந்தாக வேண்டியிருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை மாணவர்கள் படம் எடுப்பதே இல்லை. அச்சகம் யாருடையது என்று தெரிந்தால் பணம் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு தெரியும்.

இதழில் 'பராபவ வருஷம் ஆவணி' என்று இருக்கிறது. ஆங்கில ஆண்டு எது?

தமிழ் ஆண்டுகளின் அறுபதாண்டுச் சுற்று 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளில் 'பிரபவ'வில் தொடங்குகிறது. பராபவ நாற்பதாவது ஆண்டு. 1867-உடன் 39-ஐக் கூட்டினால் 1906. ஆண்டு சித்திரையில்தான் பிறக்கும் என்பதால், பராபவ தை, மாசி, பங்குனி என்று இருந்தால் அது 1907. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால் 1846, 1966 ஆகியவையும் பராபவதான். தாள், எழுத்து, உள்ளே பேசப்படும் நிகழ்ச்சி ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுற்று என்று தீர்மானிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடியாதா?

நிறையப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் இதழ்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் தமிழகத்தின் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தெற்காசியத் திறந்த ஆவணகத்தையும், இன்டர்நெட் ஆர்க்கைவையும் பாருங்கள்.

இலங்கைத் தமிழ் இதழியலுக்கு நூலகம் இணையத்தளம். 2005 முதல் தன்னார்வலர்கள் கட்டியெழுப்பியது. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1841-இல் 'உதயதாரகை' வெளிவந்த யாழ்ப்பாணத்தின் அச்சு மரபில் மிஞ்சியதை வீடு வீடாகத் தேடி வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றியிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும்போது நன்றியில் ஒரு வரி எழுதுங்கள். கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் நாளிதழ்கள் உண்டு, அதற்கு நேரில்தான் போக வேண்டும். சிங்கப்பூர், மலாயா பற்றி எழுதுகிறவர்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இருக்கிறது. சில இதழ்களை அந்த நூலகக் கணினியில் மட்டுமே திறக்க முடியும்.

வருடிய பக்கங்களில் சொல் தேடல் வேலை செய்யாவிட்டால் 'செய்தி இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பிருந்த ணை, லை, றா வடிவங்களும், மங்கிய அச்சும் மென்பொருளைத் தடுமாற வைக்கும். கண்ணால் பக்கம் பக்கமாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அப்படிப் பார்க்கும்போதுதான் தேடாத நல்ல விஷயங்கள் அகப்படும் என்பது என் அனுபவம்.

வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எங்கே கிடைக்கும்?

இதுதான் கடினமான கேள்வி. ஒலிபரப்பு காற்றோடு போனது. ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் நேரடியாகப் பேசினார்கள், பாடினார்கள், பதிவு இல்லை. ஒலி இல்லாவிட்டால் காகிதத்தைப் பிடிக்க வேண்டும்.

சென்னை வானொலியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-இல் நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அதை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது, அடுத்த ஆண்டு திருச்சி நிலையம். அதனால் முப்பதுகளின் முற்பகுதிக்கு வானொலித் துறைக் கோப்பைத் தேடிப் பயனில்லை, மாநகராட்சியின் நிர்வாக அறிக்கைகளைத் தேட வேண்டும். 1938-க்குப் பிறகு நிகழ்ச்சி நிரல் இதழ்கள் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் 'தி இந்தியன் லிஸனர்', தமிழில் 'வானொலி'. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் பேசினார், எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கும். ஆங்கில இதழின் பல ஆண்டுகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு. நாளிதழ்களில் வந்த 'இன்றைய வானொலி' பத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிபிசி தமிழோசை 1941 மே மாதம் தொடங்கி 2017 ஏப்ரல் இறுதிவரை சிற்றலையில் ஒலித்தது. பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இங்கிலாந்தில் ரெடிங் அருகே கேவர்ஷாமில் இருக்கிறது.

தொலைக்காட்சிக்கும் இதே முறைதான். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15, சன் டிவி 1993 ஏப்ரல் 14. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும் தமிழ் வீட்டுக்குப் பெரும்பாலும் தூர்தர்ஷன்தான் என்பதால் வார இதழ்களின் விமர்சனப் பத்தியும் வாசகர் கடிதமும் நல்ல சான்று. வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி தன் ஆவணகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக யூடியூபில் ஏற்றுகிறது. ரசிகர்கள் வீட்டு வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றியவையும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த அன்றே விவரத்தைக் குறித்து வையுங்கள், அடுத்த மாதம் நீக்கப்பட்டிருக்கலாம். பணியாற்றியவர்களைப் பேட்டி காணுங்கள். இந்தத் துறையில் அதற்குக் காலம் மிகக் குறைவாக இருக்கிறது.

பழைய செய்தித் தளங்களைத் திறந்தால் கிறுக்கலாக வருகிறதே?

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் 2000-ஐ ஒட்டிய தமிழ்த் தளங்களைப் பார்த்தால் அப்படித்தான் வரும். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த சரம்தான் தெரியும். பக்கம் கெட்டுப்போகவில்லை. வரியை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டு டாப், டாம், டிஸ்கி, பாமினி என்று ஒவ்வொன்றாக முயன்று பாருங்கள்.

ஆய்விதழ்க் கட்டுரை திறக்கப் பணம் கேட்கிறது.

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் நூலகர் கணக்குத் திறந்து தர வேண்டும். தொடங்கியபோது தனியார் கல்லூரிகள் இதில் சேரவில்லை. உங்கள் நூலகம், நூலகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பின் உறுப்பினரா என்று கேளுங்கள், கட்டுரை நகல் வரவழைக்கலாம். திறந்தநிலை ஆய்விதழ்களின் அடைவு எல்லாருக்கும் இலவசம். ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளம். அங்கே தமிழ் ஆய்வேட்டின் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கலாம், அப்படியும் தேடுங்கள். பின்னிணைப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள், ஒருவர் செய்த தேதிப் பிழை பத்து ஆய்வேடுகளில் தொடர்வதைக் கண்டிருக்கிறேன்.

விற்பனை, வாசகர் எண்ணிக்கை எங்கே?

பத்திரிகைப் பதிவாளரின் ஆண்டறிக்கை, பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்ய 1948 முதல் இயங்கும் ஏபிசி அமைப்பின் அரையாண்டுச் சான்று. முன்னது பதிப்பாளர் தாமே சொன்ன கணக்கு, பின்னது தணிக்கை செய்தது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வானொலி, தொலைக்காட்சி உள்ள வீடுகளின் எண்ணிக்கை மாவட்டவாரியாக உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வில் ஆண்களும் பெண்களும் எந்த அளவு செய்தித்தாள் படிக்கிறார்கள் என்பது இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

படம் எடுக்கலாமா? ஆய்வேட்டில் போடலாமா?

ஆராய்ச்சிக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவில் பயன்படுத்த 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. பெயரிட்ட கட்டுரைக்கு எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள்வரை, பெயரில்லாதவற்றுக்கு வெளிவந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு. ஆய்வேட்டைப் புத்தகமாக்கும்போது அனுமதி கேளுங்கள். நூலகத்தின் விதி தனி. படம் எடுக்கும் முன் மேசையில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதி, பக்கம், பதிப்பு தெரியட்டும். மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) என்றால் ரீல் எண்ணையும் எழுதுங்கள்.

முதல்முறை போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை, அவற்றின் இரண்டு நகல்கள். மைப் பேனாவுக்குப் பதில் பென்சில். தேடும் தேதிகளின் பட்டியல் ஒரு தாளில். பழைய செய்தித்தாள் தொட்டாலே உதிரும், இரண்டு கையாலும் அடியில் தாங்கித் திருப்புங்கள், எச்சில் தொடாதீர்கள். முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வருடும் வேலைக்குப் போயிருக்கும் கட்டுக்காக ஊரிலிருந்து பேருந்து ஏறி வந்து ஏமாந்தவர்கள் உண்டு. காலையில் திறக்கும்போதே போய்விட்டால், அன்றைக்குள் ஒன்றுக்கு இரண்டு கட்டுகளாவது பார்த்து முடிக்கலாம்.